சீர்தூக்கிச் சிந்திப்போம்

தோட்ட வாழ்வில் சிக்கல்களுக்குப் பஞ்சமில்லை. மழை நீடித்தால் வெட்டு நின்றுவிடுகிறது. மரம் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறைகிறது. மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது சில வெள்ளிகளே. இவை எதிர்ப்படும்போது நம்மில் பலர் மனத்தில் முதலில் தோன்றும் வழியை உடனே பற்றிக்கொள்கிறோம். பால் குறைந்தால் கத்தியை ஆழமாக அழுத்துகிறோம். பணம் குறைந்தால் கடன் வாங்குகிறோம். அவ்வழி சில வேளைகளில் பயன் தருவதும் உண்டு. ஆயினும் அதே சிக்கல் அடுத்த மாதமும் வாயிலில் வந்து நிற்குமானால், நாம் பற்றிய வழி அதன் வேரைத் தொடவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் ஜான் டூயி என்னும் அமெரிக்கக் கல்வியறிஞரின் பெயரை நன்கறிவர். மனிதன் எவ்வாறு சிந்திக்கிறான் என்பதை ஆராய்ந்து 1910ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். முதலில் ஓர் இடர்ப்பாடு உணரப்படுகிறது. பின்னர் அது யாது, எங்கே உள்ளது என்று வரையறுக்கப்படுகிறது. அதன்பின் தீர்வுகள் மனத்தில் தோன்றுகின்றன. ஒவ்வொன்றின் விளைவும் எண்ணிப் பார்க்கப்படுகிறது. இறுதியில் செய்து பார்த்து, கண்ணால் கண்டு, ஏற்கவோ தள்ளவோ முடிவு செய்யப்படுகிறது. இவ்வைந்து படிகளுள் நாம் பெரும்பாலும் தாண்டிக் குதிப்பது இரண்டாவது படியைத்தான். நோய் இன்னதென்று அறியாமலே மருந்தைத் தேடுகிறோம். இக்கட்டுரையில் அந்த இரண்டாவது படியைப் பற்றியே மிகுதியாகப் பேச விரும்புகிறோம்.

இதற்கான சான்றை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. நாள்தோறும் நம் கையிலுள்ள வெட்டுக் கத்தியே சான்று.

ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டைக் கடந்து சென்றால் கோலகங்சார் நகரை அடையலாம். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளுள் 9 கன்றுகள் அந்நகரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே முதிர்ந்த மரமாக நிற்பதை நம் வாசகர்கள் பலர் கண்டிருப்பர். ஆனால் கன்று வளர்ந்து மரமாகிவிட்டால் மட்டும் போதுமா? பாலை எடுப்பது எப்படி? ரப்பரின் தாயகமாகிய பிரேசில் நாட்டுக் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தனர். கொத்திய இடமெல்லாம் காயம். காயம் ஆறினால் முண்டு. அதன் மேல் மறுபடியும் வெட்ட இயலாது. மரமும் நாளடைவில் நலிந்தது.

1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர் இதனை வேறு கோணத்திலிருந்து நோக்கினார். இன்னும் ஆழமாக எங்கே கொத்தலாம் என்று அவர் தேடவில்லை. பால் பட்டையின் எப்பகுதியில் உள்ளது, மரத்திற்கு ஊறு நேராமல் அப்பகுதியை எவ்வாறு திறப்பது என்பதே அவர் ஆராய்ந்த வினா. முதல் நாள் வெட்டிய வெட்டின் விளிம்பையே மறுபடியும் மெல்லிதாகச் சீவினால், முதல் நாளைவிடப் பின்வரும் நாட்களில் பால் மிகுந்து வடிவதைக் கண்டார். வைகறையில் சீவுவதே நல்லது என்பதும் சோதனையால் தெளிந்தது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன. பாற்குழாய்களுள் அழுத்தம் தணிகிறது. பால் வடிவதும் குறைகிறது. காப்பித் தோட்டங்களில் மனம் ஊன்றியிருந்த அக்காலத் தோட்ட முதலாளிகள் ரப்பர் விதையை ஏந்தித் திரிந்த ரிட்லியைப் பித்தர் என்று நகைத்தனராம். 1855இல் பிறந்த அவர் 1956 வரை, நூறாண்டைக் கடந்து வாழ்ந்தார். நகைத்தவர்களின் பெயர்தான் இன்று எவர் நினைவிலும் இல்லை.

இனி நம் நிரைக்கு வருவோம். பால் குறைகிறது. கத்தியை அழுத்துவதற்கு முன் சிறிது நிற்போம். நிரையிலுள்ள எல்லா மரங்களிலும் குறைந்துள்ளதா, சில மரங்களில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால், காரணம் மரத்தில் இல்லாமல் பருவத்திலோ நேரத்திலோ இருக்கக்கூடும்: இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும் காலமா, பெரட்டு முடிந்து நாம் நிரைக்குச் செல்லும் நேரம் பிந்திவிட்டதா என்று பார்த்தல் வேண்டும். அடுத்த நிரையில் வெட்டுபவருக்கும் குறைந்துள்ளதா என்று வினவுதல் இன்னும் நன்று. சில மரங்களில் மட்டும் என்றால், அம்மரங்களின் வெட்டை உற்று நோக்குக. பாற்குழாய்கள் பட்டையினுள் சற்றே சாய்ந்து, இடப்புறம் தாழ்ந்தும் வலப்புறம் உயர்ந்தும் செல்கின்றன. ஆதலால்தான் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து அமைய வேண்டும் என்று விதித்தனர். ஒட்டுக்கட்டிய மரங்களுக்கு அச்சரிவு ஏறத்தாழ 30 பாகை. சரிவு குறைந்து போயிருந்தால் பால் வழிதவறி ஓடும். வெட்டின் ஒரு பகுதி காய்ந்து, உட்பட்டை பழுப்பேறியிருந்தால் அது பட்டை வறட்சி. அளவுமீறிப் பாலெடுத்த மரங்களில் அது மிகுதியாகக் காணப்படும். அம்மரத்திற்கு வேண்டியது ஓய்வு. அதனை ஆழமாக வெட்டுவது, களைத்து விழுந்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதை ஒக்கும். பாற்குழாய்கள் மிக நெருங்கியிருப்பது மரத்தை ஒட்டிய உட்பட்டையில்தான் என்பது உண்மையே; எனவே ஆழ வெட்டினால் அன்றைக்குச் சிறிது கூடுதல் பால் கிடைக்கும். ஆனால் பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் அங்கேதான் உள்ளது. அது காயப்பட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் வெட்ட வருபவருக்கு முண்டுதான் மிஞ்சும்.

எல்லாவற்றிற்கும் இவ்வாறு நின்று ஆராய வேண்டுமென்று நாம் கூறவில்லை. பாம்பு கடித்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே ஆராய்ச்சிக்கு இடமில்லை. திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்கே இம்முறை உரியது.

அவ்வாறு திரும்பத் திரும்ப வந்த பெருஞ்சிக்கல் ஒன்று நம் சமுதாய வரலாற்றிலேயே உண்டு. 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் பலர் தம் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்று ஆதாயம் கண்டனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளர் பலருக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. 1951 முதல் 1960 வரை நடைபெற்ற இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. வேலையிழந்த குடும்பம் அன்று கேட்டது, “இனி எங்கே போவது?” என்பதே. இயல்பான வினாதான், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடை இன்னொரு தோட்டம். அதுவும் நாளை விற்கப்படலாம்.

சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அந்நாளைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கத்தின் அமைப்பைப் பார்க்கும்போது, அதற்கடியில் வேறொரு வினா இருந்தமை புலனாகிறது: நிலம் எவருடையது? தொழிலாளி ஒருவரால் தோட்டம் வாங்க இயலுமா? இயலாது. ஒரு பங்கின் விலையாகிய 100 வெள்ளியை ஒரே முறையில் தருவதும் பலருக்கு அரிது. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்று வகுத்தபோது அது கைக்கு எட்டியது. பத்தாயிரம் பேர் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கினால் பத்து இலட்சம் வெள்ளி! சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம். பின்னர் வேறு தோட்டங்களும் வாங்கப்பட்டன. துண்டாடலுக்கு இரையான தோட்டங்கள் அனைத்தையும் சங்கத்தால் காக்க இயலவில்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். எனினும் பால் வெட்டுபவர்களே நிலத்தின் பங்குதாரர் ஆகலாம் என்பதை அது செய்து காட்டியது.

தோட்டங்கள் கைமாறுவது இன்றும் நின்றபாடில்லை. பேராக் மாநிலத்தில் ரப்பர் நின்ற இடங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஆதலால் “தோட்டம் விற்கப்படுகிறதாம்” என்ற பேச்சு காதில் விழுந்தால், அஞ்சி மூட்டை கட்டுவதற்கும் வாய்ச்சண்டை இடுவதற்கும் முன்னர், எது சிக்கல் என்பதைப் பகுத்துக் காணுங்கள். இதில் மூன்று வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன.

வேலை நீடிக்குமா என்பது ஒன்று. தொழில் கைமாறிய 7 நாட்களுக்குள், முன்னிருந்தவற்றிற்குக் குறையாத நிபந்தனைகளில் புதிய உரிமையாளர் வேலை தர முன்வருகிறாரா என்பதைச் சட்டம் நோக்குகிறது. அவ்வாறு முன்வரவில்லையெனில் வேலை முடிவுற்றதாகக் கொள்ளப்படும். ஈட்டுத்தொகை பெறும் உரிமை எழும். அத்தொகை எவ்வளவு என்பது இரண்டாம் வினா. 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தொடர்ந்து ஓராண்டாவது வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 நாள் ஊதியம். ஈராண்டு நிறைந்தவருக்கு 15 நாள். ஐந்தாண்டு நிறைந்தவருக்கு 20 நாள். ஆகவே எந்த ஆண்டில் வேலையில் சேர்ந்தோம் என்பதைக் காட்டும் தாள் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டில் தேடிப் பார்த்தல் நன்று. சம்பளச் சீட்டுகளையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.

மூன்றாவது வினா வீட்டைப் பற்றியது. ஈட்டுத்தொகை விதிமுறைகள் வீட்டுக்கு விடை தருவதில்லை. தொகை கிடைத்துவிட்டது என்னும் மகிழ்ச்சியில் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டுப் பின்னர் வருந்துதல் நேரக்கூடும். எனவே அதனைத் தனியே எழுப்பி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வழியாகவோ, ஈப்போவிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்தை நாடியோ, நிர்வாகத்தின் பதிலை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கையெழுத்து இடுமாறு எந்தத் தாள் நீட்டப்பட்டாலும், மூன்று வினாக்களுள் எதற்கு அது விடை கூறுகிறது என்று பிள்ளைகளைக் கொண்டாவது படித்துக் கேளுங்கள்.