உப்புக்கண்டத் தொழிலும் அதற்கான கருவிகளும்

தேவாரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் மகளிர் குழுக்கள் சில, உப்புக்கண்டம் தயாரித்து விற்கும் எண்ணத்துடன் நம்மை அணுகி வருகின்றன. அவற்றின் பொருட்டு வரும் ஊராட்சி உறுப்பினர்கள் கேட்கும் முதற்கேள்வி, “இதற்கு எந்த இயந்திரம் வாங்கலாம்?” என்பதாகும். கேள்வி நியாயமானதே. ஆயினும், கறி எந்த இடத்திலிருந்து எந்த இடத்திற்குச் செல்கிறது, அதனை யார் தூக்குகிறார், எத்தனை முறை தூக்குகிறார் என்பனவற்றை முதலில் அறிந்து கொண்டாலன்றி, இக்கேள்விக்கு விடை கூற இயலாது. கடன் வாங்கி இயந்திரத்தை இறக்கிவிட்டுப் பின்னர் அதற்கு வேலை தேடுவது நம் நாட்டுப்புறத் தொழில்கள் பலவற்றை நலிவித்த வழக்கம்.

உப்புக்கண்டம் நம் பகுதிக்குப் புதிதன்று. பக்ரீத் பெருநாளில் மிகுந்த கறியையும், கிடா வெட்டில் எஞ்சிய கறியையும் உப்பும் மஞ்சளும் இட்டு, நூலில் கோத்துக் கொடியில் உலர்த்திப் பானையில் சேமித்து வைத்தல் நெடுநாள் வழக்கம். வீட்டிற்கென இரண்டு கிலோ கறியை உலர்த்துவதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. விற்பனைக்கென ஒரே நாளில் நாற்பது கிலோ கறியை எடுத்துக் கொண்டால்தான் தொல்லைகள் தோன்றுகின்றன.

கறியிலுள்ள நீர்

கொழுப்பு நீக்கிய பச்சைக் கறியில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு நீரே. பத்துக் கிலோ கறியில் திடப்பொருள் இரண்டரைக் கிலோ மட்டுமே உள்ளது. அதனுடன் 600 கிராம் உப்பைச் சேர்த்து, நீர் நூற்றுக்கு இருபது பங்காகக் குறையும் வரை உலர்த்தினால், நம் கையில் எஞ்சுவது நான்கு கிலோவிற்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். எனவே, கறி என்ன விலையோ அதைப்போல் இரண்டரை மடங்கிற்கு மேலாகவே உப்புக்கண்டத்தின் அடக்கவிலை அமையும்; உழைப்பும் மசாலையும் வேறு. இக்கணக்கைப் போடாமல் விலை கூறி நட்டப்பட்டவர்கள் உண்டு. கெட்டுப்போன ஒரு கிலோ உப்புக்கண்டம் என்பது, கெட்டுப்போன இரண்டரைக் கிலோ கறி என்பதையும் இதனால் உணரலாம்.

கறியின் கனம் இன்னொரு முக்கிய செய்தி. உப்பு வெளியிலிருந்து உள்ளே ஊறுவதற்கும், நீர் உள்ளிருந்து வெளியே வருவதற்கும் ஆகும் காலம், கனம் இரட்டித்தால் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆதலால் ஒரு விரற்கனத்திற்கு மேற்படாமல் ஒரே சீராக அரிதல் வேண்டும். ஒரு கண்டம் மெல்லியதாகவும் அடுத்தது தடித்ததாகவும் இருப்பின், மெல்லியது முறுகிய பின்னும் தடித்தது உள்ளே ஈரமாகவே இருக்கும். அதுவே பானை முழுவதையும் கெடுக்கும்.

மலைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலை

பெரிய அளவில் இத்தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிய நாம் சிகாகோ வரை செல்ல வேண்டுவதில்லை. குமுளிக்கு அப்பால் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கூத்தாட்டுக்குளம், நாட்டில் அரசினர் முயற்சியால் பன்றி இறைச்சித் தொழிற்சாலைகள் அமைந்த ஊர்களுள் ஒன்று. 1973ஆம் ஆண்டில் தோன்றிய மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் கேரள அரசு நிறுவனமும் அவ்வூர்ப் பக்கத்தில்தான் இயங்கி வருகிறது.

இத்தகைய தொழிற்சாலைகளில் பன்றித்தொடையை உப்பிடுவதற்குப் பல ஊசிகள் கொண்ட இயந்திரம் பயன்படுகிறது. அது உப்புநீரை நேரே தசைக்குள் செலுத்துகிறது. பின்னர் அத்தொடைகளைக் காற்றகற்றிய பெரிய எஃகு உருளைக்குள் இட்டு, குளிர்ந்த நிலையிலேயே மெல்லச் சுழற்றுவர். உள்ளிருக்கும் தடுப்புகள் கறியைத் தூக்கித் தூக்கிப் போடுவதால் உப்பு சீராகப் பரவுகிறது. தசையிலுள்ள புரதம் பசைபோல் வெளிப்பட்டுத் துண்டுகளை ஒட்ட வைக்கிறது. இருநூறு லிட்டர் கொள்ளும் சக்கரத் தொட்டிகளில் கறி நகர்கிறது. தொட்டியைத் தூக்கிக் கவிழ்ப்பதற்குத் தனியே ஒரு பொறி உண்டு. புகையறைக்குள் செல்லும் தொடைகளும் கையால் சுமக்கப்படுவதில்லை. சட்டமிட்ட வண்டிகளில் தொங்கியபடியே உள்ளே சென்று, தொங்கியபடியே வெளியே வருகின்றன.

இவையனைத்திற்கும் மூத்தது மேல்தண்டவாளம். சிகாகோ நகர இறைச்சிக் கூடங்களில் வெட்டிய உடல்களைக் கொக்கியில் மாட்டி, தலைக்கு மேலுள்ள தண்டவாளத்தில் உருட்டிச் செல்வர். ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்க, கறி அவர்களிடம் வரும். 1913ஆம் ஆண்டு மோட்டார் வண்டித் தொழிலில் நகரும் வரிசையைப் புகுத்திய ஹென்றி ஃபோர்டு, அந்த எண்ணம் பொதுவாக இந்த இறைச்சித் தண்டவாளத்திலிருந்தே தமக்குத் தோன்றியதாகப் பின்னர் எழுதினார். ஆக, மோட்டார் தொழிலுக்கு வழிகாட்டியது ஒரு கொக்கியும் ஓர் உருளியுமே என்று சொன்னால் மிகையாகாது.

நம் குழு ஒன்று சுழல் உருளைக்கு விலைப்பட்டியலுடன் வந்தது. அது தடித்த தொடைக்கறிக்கும், குளிரறை உள்ள இடத்திற்கும் உரிய கருவி. விரற்கனமாக அரிந்த ஆட்டுக்கறிக்கு அண்டாவும் சுத்தமான இரு கைகளும் கால் மணி நேரமுமே போதும். அவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது வேறு.

சுமைக் கணக்கு

நாற்பது கிலோ கறியை அரியும் மேசையிலிருந்து அண்டாவிற்கும், அண்டாவிலிருந்து நீர்வடியும் தட்டிற்கும், அங்கிருந்து கொடிக்கும் தூக்குதல் வேண்டும். பின்பு நான்கு நாள்கள் காலையில் வெளியே எடுத்து, மாலையில் உள்ளே கொண்டு செல்லல் வேண்டும். கறி நாளுக்கு நாள் இலேசாகிறது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு தடவைச் சரக்கிற்கு முந்நூறு கிலோவுக்குக் குறையாத சுமை பெண்களின் தோளிலும் இடுப்பிலும் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் கறி கைபடுகிறது, கீழே விழுகிறது, கண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. சரக்குக் கெடுவதும் முதுகு ஒடிவதும் ஒரே காரணத்தால்தான்.

இதற்குத் தீர்வு, உலர்த்தும் சட்டத்திற்கே சக்கரம் வைப்பது. நான்கு கால்கள், மேலே குறுக்குக் கம்பிகள், கம்பிகளில் இருமுனைக் கொக்கிகள், அடியில் நான்கு சக்கரங்கள், அவ்வளவே. காலையில் வெயிலுக்குத் தள்ளலாம், மாலையிலோ திடீர்ச் சாரலிலோ உள்ளே இழுக்கலாம். கொக்கியில் மாட்டிய கறியை, உலர்ந்து முடியும்வரை யாரும் தொட வேண்டுவதில்லை. கம்பி, வேலை செய்யும் பெண்களின் தோள் உயரத்திற்கு மேற்படலாகாது. கண்டத்தின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருத்தல் வேண்டும். கண்டங்களுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி விடுக.

இங்கே ஒரு சிறு செய்தி. கட்டடம் கட்டும் நம் கொத்தனார் பழக்கத்தினால் வாசற்படியை உயர்த்தி விடுவார். வீட்டிற்கு அது அழகு. சக்கர வண்டிக்கு அது சுவர். கொட்டகையின் வாசலில் படி கூடாதென்று மதிப்பீட்டிலேயே எழுதிவிடுக.

அண்டாவைத் தூக்குவதற்குக் கப்பி போதும். உத்தரத்தில் ஒரு நிலைக்கப்பியும், அண்டாவுடன் ஏறி இறங்கும் ஓர் அசையும் கப்பியும் இருப்பின், நாற்பது கிலோவை இருபது கிலோவிற்குரிய விசையுடன், உராய்வுக்குச் சற்றுச் சேர்த்து, தூக்கிவிடலாம். கயிற்றை மட்டும் இருமடங்கு நீளம் இழுக்க வேண்டும். நூறு கிலோவிற்கு மேற்பட்டால் கைச்சங்கிலிக் கப்பி வாங்குவது நன்று. அது இடையில் கைவிட்டாலும் சுமையைப் பிடித்து நிறுத்தும். நாளொன்றுக்கு இருநூறு கிலோவை எட்டும் காலத்தில் மேல்தண்டவாளத்தைப் பற்றி எண்ணலாம். அதற்குச் சிறிது சரிவு கொடுத்தால் கொக்கிகள் தாமே உருண்டு செல்லும்.

எந்த உலோகம்

உப்பு உலோகங்களுக்குப் பகை. துத்தநாகம் பூசிய கம்பி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோர், சில மாதங்களிலேயே பூச்சு உரிந்து கறியில் ஒட்டுவதைக் காண்பர். அலுமினியத் தட்டில் குழி விழும். இரும்பும் செம்பும் கொழுப்பை விரைவில் காறலெடுக்கச் செய்பவை. பித்தளையில் செம்பு உள்ளதால் அதுவும் ஆகாது. கறியைத் தொடும் கொக்கி, தட்டு, மேசை யாவும் எவர்சில்வரில் இருக்கட்டும். உப்புநீர் எந்நேரமும் படும் இடத்திற்கு 304 என்னும் எண்ணுடையதினும் 316 என்னும் எண்ணுடைய எஃகு மேலானது. சட்டத்தின் கால்கள் சாதாரண இரும்பாயிருந்து வண்ணம் பூசப்பட்டாலும் குற்றமில்லை. சக்கரம் நைலானாக இருத்தல் நலம்.

கொக்கியில் சிக்கனம் செய்து கூரைக்கு ஓடு போடுவதைவிட, கூரையில் சிக்கனம் செய்து நல்ல கொக்கி வாங்குவதே நம் கட்சி.

காற்றும் வெயிலும்

கம்பம் பள்ளத்தாக்கில் மாசி முதல் சித்திரை வரை வெயில் நமக்குத் துணை. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று பலமாக வீசினும் அதனுடன் புழுதியும், மலையடிவாரத்தில் சாரலும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்த வெளியில் உலர்த்துவதை விட்டொழிப்பதே மேல். வலை கட்டாத கொடியில் ஈ முட்டையிடும். எத்துணை உப்பிட்டாலும் முதல் நாள் ஈயைத் தடுப்பது வலையே.

ஆண்டு முழுவதும் தொழில் நடத்த விரும்புவோர் சூரிய உலர்த்தி அமைக்கலாம். 1957ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கொச்சி மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம், மீன் உலர்த்துவதற்கெனச் சூரிய உலர்த்திகளை வடிவமைத்துள்ளது; வெயில் இல்லாதபோது மின்சாரத்தாலோ எரிவாயுவாலோ சூடேற்றும் வகையும் அவற்றுள் உண்டு. கருவாட்டிற்குப் பொருந்துவது உப்புக்கண்டத்திற்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் தொடக்கத்திலேயே மிகுந்த சூடு கொடுத்தால் மேற்புறம் தோல்போல் இறுகி, உள்நீர் வெளிவர வழியின்றி அடைபடும். தொட்டுப் பார்ப்பவர் காய்ந்தது என்றே எண்ணுவார். முதல் நாள் சூட்டினும் காற்றோட்டமே முக்கியம்.

தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டா; நிறுத்துப் பார்க்க. உப்பிட்ட பின் கொக்கியில் மாட்டுகையில் ஒரு வரிசையை நிறுத்து எழுதி வைத்துக் கொண்டு, நாள்தோறும் மாலையில் அதே வரிசையை நிறுக்க வேண்டும். முன் கூறிய கணக்கின்படி, பத்துக் கிலோ அறுநூறு கிராமாக ஏறிய வரிசை நான்கு கிலோவிற்குக் கீழ் இறங்கினாலன்றி அது பானைக்குத் தகுதியில்லை. கொழுப்பு மிகுந்த கறியில் இக்கணக்குச் சற்று மாறும். கொழுப்பை முன்னரே அரிந்து நீக்கிவிட்டால் அத்தொல்லையும் காறலும் இல்லை. ஒரு கொக்கித் தராசின் விலை, ஒரு தடவைச் சரக்கு கெடுவதால் வரும் நட்டத்திற்கு முன் ஒன்றுமில்லை.

ஆபத்துகள்

காற்றகற்றிப் பொதியும் இயந்திரத்தைக் குழுக்கள் பெரிதும் விரும்புகின்றன. நன்கு உலர்ந்த கண்டத்திற்கு அது ஏற்றது. அரைகுறையாக உலர்ந்ததற்கோ அது நஞ்சு. 1895ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்ஜியம் நாட்டின் எல்லசெல் என்னும் சிற்றூரில் உப்பிட்ட பன்றித்தொடையை உண்ட இசைக்குழுவினர் பலர் கண் மங்கி, விழுங்க இயலாமல் நோயுற்றனர், மூவர் இறந்தனர். வான் எர்மெங்கெம் என்னும் அறிஞர் அக்கறியிலிருந்தே நோய்க்குரிய கிருமியைப் பிரித்தறிந்தார். காற்றில்லாத இடத்திலேயே அக்கிருமி வளர்கிறது. உப்பும் உலர்வும் போதிய அளவில் இருந்தால் வளர்வதில்லை. ஈரக்கறியைக் காற்றகற்றிப் பொதிந்து அலமாரியில் வைப்பவர் அதற்கு வீடு கட்டித் தருகிறார். தராசு சரியென்று சொல்லும்வரை அந்த இயந்திரத்தின் அருகே சரக்கைக் கொண்டு செல்லற்க.

தொழிற்சாலைகளில் கறி சிவப்பாயிருக்கவும் இக்கிருமியைத் தடுக்கவும் சோடியம் நைட்ரைட் சேர்ப்பர். அது உப்பைப் போலவே தோன்றும் நச்சுப் பொருள். தவறி மிகுதியாக உண்டால் உயிர் போகும். இதனாலேயே பிற நாடுகளில் உப்புடன் கலந்து இளஞ்சிவப்பு நிறமூட்டி விற்கின்றனர். நம் உப்புக்கண்டத்திற்கு அது தேவையே இல்லை. கொட்டகைக்குள் அதை விடவே வேண்டா. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியை மிகுதியாக உண்பதற்கும் குடற்புற்று நோய்க்கும் தொடர்புண்டென 2015ஆம் ஆண்டு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்துள்ளமையையும் மறைப்பதற்கில்லை. உப்புக்கண்டம் தொட்டுக் கொள்வதற்குரியது; சோற்றுக்கு ஈடாக உண்பதற்குரியதன்று.

எலும்பு அறுக்கும் மின்ரம்பத்தை வாங்குவோர், கறியைத் தள்ளுவதற்குக் கட்டையும் உடன் வாங்குக. கத்தி பிடிக்காத கைக்கு எஃகு வலையுறை நல்ல காப்பு. ஆனால் சுழலும் ரம்பத்தின் அருகே அவ்வுறை கையையே உள்ளே இழுத்துவிடும். கழுவுமுன் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்கி வைக்க வேண்டும்.

வாங்கும் முறை

முதலில் தராசு, எவர்சில்வர் மேசை, கொக்கிகள், சக்கரச் சட்டம், வலை. அடுத்து உலர்த்தி. விற்பனை நிலைத்த பின்னரே பொதியும் இயந்திரம். ரம்பத்தையும் சுழல் உருளையையும் ஒரு முனை மின்சாரம் மட்டுமே உள்ள கொட்டகைக்கு வாங்குவதற்கு முன் மின்வாரிய அலுவலரைக் கேட்பது நன்று. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ பெறாமல் ஒரு பொட்டலமும் விற்கலாகாது. மானியத் திட்டங்களின் நடப்பு விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிக. இறைச்சித் தொழில்நுட்பம் பற்றிய ஐயங்களுக்குத் தேனியில் 2020ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். செல்லும்போது நாள்தோறும் நிறுத்து எழுதிய எடைக் குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்க. அவர்கள் முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும்.