சிப்பியும் கிணறும்

கடற்கரைப் பாறைகளில் பச்சைச் சிப்பிகள் கொத்துக்கொத்தாக ஒட்டி வாழ்கின்றன. ஒட்டிய இடத்தை விட்டு அவை பெரும்பாலும் அகல்வதில்லை. நாள்தோறும் பெருமளவு கடல்நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்ணிய உணவை வடித்து உண்டு, எஞ்சிய நீரை வெளிவிடுகின்றன. நீரில் நஞ்சு கலந்திருப்பின் அதுவும் உடலில் தங்கும். ஆகவே, ஒரு கடற்கரையின் தூய்மையை அறிய அங்குள்ள சிப்பியின் தசையை ஆராயலாம் என்று எட்வர்டு கோல்டுபர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1975இல் எடுத்துரைத்தார்.

டி.டி.டி., பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லிகள் இத்தகைய நஞ்சுகளுள் குறிப்பிடத்தக்கவை. இவை எளிதில் சிதையா; நீரில் மிகச் சிறிதளவே கரையும்; கொழுப்பிலோ நன்கு கரையும். அதனால் உயிர்களின் உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும். தென்னிந்தியக் கடற்கரைச் சிப்பிகளில் இவை காணப்படுவதை 1990இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பான் நாட்டு எகிமே பல்கலைக்கழகத்தாரும் இத்துறையில் கூடி உழைத்தனர். வெள்ளாற்றுப் பகுதி வயல்களில் இட்ட பி.எச்.சி.யில் நூற்றுக்கு 99 பங்கிற்கு மேல் காற்றில் கலந்துவிட்டது என்றும், கழிமுகத்தை அடைந்தது மிகச் சிறு பங்கே என்றும் 1991இல் வெளியான ஆய்வு கூறிற்று. வியப்பூட்டும் முடிவு இது. கடலுக்குக் குறைவாகச் சென்றதே என்று மகிழ்வதற்கில்லை. காற்றுக்கு எல்லை ஏது? இந்திய அரசு 1997இல் பி.எச்.சி.யைத் தடை செய்தது.

கடலை விட்டு உள்நாட்டில், மழை குறைந்த கரிசல் நிலத்தில் அமைந்தது சிவகாசி. விருதுநகர் மாவட்டத்தின் இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பட்டாசுத் தொழிலால் எண்ணற்ற குடும்பங்கள் பிழைக்கின்றன. வெடிமருந்து எரிவதற்கு வேண்டிய உயிர்வளியைத் தருவது பெர்குளோரேட்டு என்னும் உப்பு. இது பூச்சிக்கொல்லிகளுக்கு நேர்மாறானது: கொழுப்பில் தங்காது, நீரில் கரைந்து நிலத்தடிக்கு இறங்கிவிடும். ஆயினும் அங்கே எளிதில் அழியாமல் நெடுங்காலம் இருக்கும். மிகுதியாக உடலிற் புகுந்தால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும். கருவுற்ற மகளிரும் குழந்தைகளும் இதனால் மிகவும் பாதிக்கப்படக்கூடும்.

சிவகாசி, மதுரை ஆகிய இடங்களின் நீரை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 2013இல் வெளியாயிற்று. சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளுள் 17இல், அமெரிக்க அரசு குடிநீருக்கு வகுத்த அளவாகிய லிட்டருக்கு 15 மைக்ரோகிராமை விடப் பெர்குளோரேட்டு மிகுந்திருந்தது. ஒரு மாதிரியில் அது 7,690 மைக்ரோகிராம். அதாவது ஐந்நூறு மடங்கிற்கும் மேல்! மதுரை மாதிரிகளுள் ஒன்றும் அவ்வளவைத் தாண்டவில்லை.

இந்நீருக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் உப்பு நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே மிகும். இப்பக்கத்து அர்ச்சுனா நதி வைப்பாற்றுடன் கூடி மன்னார் வளைகுடாவை அடைகிறது. எனினும் அங்குள்ள சிப்பிகளைக் கொண்டு இந்த உப்பை நெடுநாள் கழித்துக் கண்டறிவது அரிது. கொழுப்பில் தங்காத பொருள் விரைவில் உடலை விட்டு நீங்கிவிடும். கிணற்று நீரையே எடுத்துச் சோதித்தல் வேண்டும்.