ஒற்றைப் படுக்கை அறை வீடு: மூன்று அளவைகள்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்தக் காலத்தில் "ஃபிளாட்டை வாங்கிப்பார்" என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து. நண்பர்களே, நாம் சர்வேயும் பில்டிங் டிராயிங்கும் மார்க்குக்காகப் படிக்கிறோம். அது நம் வீட்டு ஆட்களின் காசைக் காப்பாற்றும் என்பதைப் போன விடுமுறையில்தான் நான் கண்ணால் கண்டேன். அதையே இங்கு பாடமாக எழுதுகிறேன்.

என் தாய்மாமா சென்னையில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். பதினெட்டு வருஷமாக மற்றவர்களுக்கு அடுக்குமாடி எழுப்பியவர், தனக்கென்று ஒரு ஒற்றைப் படுக்கை அறை வீடு வாங்க ஆசைப்பட்டார். ஊரப்பாக்கத்தில் 560 சதுர அடி, விலை 28 லட்சம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் எங்கள் கிராமத்தில் தாத்தா விட்டுப்போன அரைக் காணியை விற்று, மீதிக்குக் கடன் போடுவதாகத் திட்டம். "மாப்ளே, நீதான் சிவில் படிக்கிறியே, ஒரு தடவை வந்து பாருடா" என்றார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பயத்தோடுதான் போனேன். கையில் ஒரு முப்பது மீட்டர் டேப், ஒரு நோட்டு.

முதல் அளவை: காலடி படும் இடம்

விளம்பரத்தில் வரும் சதுர அடி எது என்பதுதான் முதல் கேள்வி. மூன்று பெயர்கள் உண்டு. வீட்டுக்குள் நாம் புழங்கும் தரை, உள் குறுக்குச் சுவர்களையும் சேர்த்து, 'கார்பெட் ஏரியா'. அதோடு வெளிச்சுவர், பால்கனி சேர்ந்தால் 'பில்ட்-அப் ஏரியா'. படிக்கட்டு, லிஃப்ட், நடை ஆகியவற்றில் நம் பங்கையும் சேர்த்தால் 'சூப்பர் பில்ட்-அப் ஏரியா'. விலை பேசுவது பெரும்பாலும் கடைசிக் கணக்கில்தான்.

நானும் மாமாவும் டேப் பிடித்து எடுத்த அளவு இது:

ஹால் 13 × 10 = 130 சதுர அடி
படுக்கை அறை 11 × 10 = 110
சமையலறை 8 × 7 = 56
குளியலறையுடன் கழிப்பறை 8 × 4 = 32
உள் குறுக்குச் சுவர்கள் = 15
ஆகக் கூடுதல் = 343 சதுர அடி

பால்கனி 28, வெளிச்சுவரில் எங்கள் பங்கு சுமார் 45. எல்லாம் சேர்த்தால் 416. மீதி 144 சதுர அடி படியிலும் நடையிலும் இருக்கிறது. சதுர அடி 5,000 ரூபாய் என்றுதான் சொன்னார்கள். 28 லட்சத்தை 343-ஆல் வகுத்துப் பாருங்கள், 8,163 ரூபாய் வருகிறது! பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு தெரியாதவருக்கு அது தெரியாமலே போய்விடும் என்கிறேன். இதற்காகத்தான் 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் (நாம் ரேரா என்கிறோமே, அதுதான்) கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்து, அதைத் தெரிவிக்கச் சொல்கிறது.

அளவு எடுக்கும்போதே நம் பாடத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி வசிக்கும் அறை ஒன்றாவது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும். சமையலறை 5 சதுர மீட்டர், அறை உயரம் 2.75 மீட்டர். இவை மூன்றும் சரியாக இருந்தன. ஆனால் வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் ஜன்னல் திறப்பு தரையளவில் ஆறில் ஒரு பங்கு வேண்டும். படுக்கை அறைக்கு 18 சதுர அடிக்குச் சற்று மேல் தேவை. இருந்தது 4 × 4, அதாவது 16. அதுவும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி. பகல் பதினொரு மணிக்கு லைட் போட்டுத்தான் டேப்பில் எண்ணைப் படித்தோம்.

இரண்டாம் அளவை: காகிதத்தில் இருக்கும் மண்

ஃபிளாட் வாங்கினால் நிலம் கிடையாது என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மனையில் 'பிரிக்கப்படாத பாகம்' (யூ.டி.எஸ்.) ஒன்று நம் பெயரில் பதிவாகும். எந்த மூலை என்று காட்ட முடியாது, ஆனால் சட்டப்படி நமக்குச் சொந்தம். கட்டடம் வயதாகி விழுந்தாலும் இந்த மண் விழாது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அன்றைக்கு நம் பங்கைப் பேசப்போவது இந்தப் பாகம்தான்.

கணக்கு சுலபம். மனை அளவை நம் வீட்டு அளவால் பெருக்கி, எல்லா வீடுகளின் மொத்த அளவால் வகுக்க வேண்டும். இங்கே மனை 6,000 சதுர அடி, அதாவது இரண்டரை கிரவுண்டு. ஒரே அளவில் 20 வீடுகள். எனவே வீட்டுக்கு 300 சதுர அடி வர வேண்டும். அவர்கள் காட்டிய நகல் பத்திரத்தில் 225 என்று இருந்தது. வீட்டுக்கு 75 வீதம் இருபது வீட்டுக்கு 1,500 சதுர அடி மண் யாரிடம் நிற்கிறது? நாளைக்கு மேலே இன்னொரு மாடி எழும்பினாலும், இடித்துக் கட்டினாலும், அந்த மண்ணை வைத்திருப்பவர் பங்கு கேட்பார். நான் இதைக் கேட்டேன். அங்கிருந்த மேனேஜர், "தம்பி, இதெல்லாம் வழக்கம்" என்றார்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 225 சதுர அடி என்றால் ஏறக்குறைய அரை சென்ட். எங்கள் அரைக் காணி 66 சென்ட். இதை நோட்டில் எழுதி மாமாவிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

காகிதத்தில் மேலும் பார்க்க வேண்டியவை: தாய்ப்பத்திரம், பட்டா, திட்ட அனுமதி வரைபடம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். மனை 500 சதுர மீட்டருக்கும், வீடுகள் எட்டுக்கும் மேல் இருந்தால் ரேரா பதிவு கட்டாயம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. எங்கள் கணக்கில் அது 2 லட்சத்து 80 ஆயிரம். அவர்கள் கேட்டது 5 லட்சம், அதுவும் வெறும் ரசீதுக்கு.

மூன்றாம் அளவை: சுற்றுப்புறம்

வீட்டை மாற்றிக் கட்டலாம், தெருவை மாற்ற முடியாது. ஊரப்பாக்கம் நல்ல இடம்தான். தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில் நிற்கும். பக்கத்திலேயே 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம். உளுந்தூர்பேட்டையில் ஏறினால் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்பதே மாமாவின் ஆசைக்குக் காரணம். ஆனால் "ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்" என்ற விளம்பரத்தை நாங்கள் நடந்து பார்த்தோம். இருபது நிமிடம் ஆயிற்று.

அந்தப் பகுதி முழுக்க ஏரி நிறைந்த பூமி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறக்க முடியாது. அதனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் டீக்கடைக்காரரைக் கேட்டோம். அவர் தன் இடுப்பைக் காட்டி, "இது வரைக்கும்" என்றார். தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை, கழிவுநீர் எங்கே போகிறது, ரேஷன் கடை எங்கே என்பதையும் அங்கேயே தெரிந்துகொண்டோம்.

மண் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மாமாவைப் போன்ற கட்டட வேலைக்காரர்கள். எனவே மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்பது நம் கடமை. வாங்குகிறவருக்காக மட்டும் அல்ல.

முடிவுரை

மாமா அன்று முன்பணம் கொடுக்கவில்லை. "என் மருமகன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் பணத்தைப் பேசலாம்" என்று மேனேஜரிடம் சொன்னார். அந்த 75 சதுர அடிக்கு இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அரைக் காணியில் இந்தப் பருவமும் மல்லாட்டைதான் போட்டிருக்கிறோம். மாமாவுக்கு வருத்தம்தான், எனக்கும்தான். வேறு இடம் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அடுத்த தடவையும் டேப்போடு வரச் சொல்லியிருக்கிறார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நம் அப்பா அம்மா கையெழுத்துப் போடப்போகும் காகிதத்தை முதலில் நாம் படிப்போம். டேப்பால் அளப்போம், காகிதத்தால் அளப்போம், காலால் நடந்து அளப்போம். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடட்டும்.



– சிவில், மூன்றாம் ஆண்டு மாணவன்