கோலைக் காக்கக் கற்பிப்போம்

கால்பந்தாட்டம் என்றதும் நம் கண்முன் வருபவர் கோல் போடுகிறவர்தாம். கைதட்டலும் அவருக்கே. பந்தைத் தடுத்தவரை யாரும் தோளில் தூக்கிக் கொண்டாடுவதில்லை. சிறு வகுப்புகளில் அணி பிரிக்கும்போதும் வேகமாக ஓடுகிற பிள்ளை முன்னால் போவாள். ஓட மாட்டாதவளை "நீ பேக் நில்" என்று பின்னால் அனுப்புவார்கள். காவல் காப்பது தண்டனையன்று; அதுவும் ஒரு கலை. அதைச் சின்னத் தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை இங்கே காண்போம்.

2022 அக்டோபரில் நம் நாட்டில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அதில் அமெரிக்கா 8, மொராக்கோ 3, பிரேசில் 5 என மூன்றே ஆட்டங்களில் இந்திய அணிக்கு எதிராக 16 கோல்கள் விழுந்தன. ஆடியவர்கள் நம் வயதுச் சகோதரிகள். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அடிப்படைப் பாடம் இளமையிலேயே கால்களில் பதிய வேண்டும் என்பதையே இது காட்டுகிறது. 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்ற கணக்கில் வென்று, முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. வித்தியாசம் ஒரே ஒரு கோல்! அத்தகைய ஆட்டத்தில் தடுக்கப்பட்ட ஒவ்வொரு பந்தும் கோலுக்குச் சமமன்றோ?

முதற்பாடம், பொறுமை. "பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் மொழி. பந்தைக் கண்டதும் பாய்ந்து காலை நீட்டுவது சிறு பிள்ளைகளின் இயல்பு. எதிரி பந்தைச் சற்றே விலக்கினால் போதும், பாய்ந்தவள் ஏமாந்து நிற்பாள். பூம்பாறையில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, பூண்டு பயிரிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்தப் படிகள் மழைநீரை அடியோடு நிறுத்துவதில்லை. அதன் வேகத்தைத் தணிக்கின்றன. அதனால் மண் தங்குகிறது. தடுப்பவளின் முதல் வேலையும் அதுவே. எதிரியின் வேகத்தைத் தணித்துவிட்டால், தோழியர் ஓடி வந்து சேர நேரம் கிடைக்கும்.

இரண்டாம் பாடம், நிற்கும் இடம். பந்துக்கும் நம் கோலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். எதிரியை நோக்கி விரைந்து ஓடி, அருகில் வந்ததும் சிற்றடி வைத்து, இரண்டடி தூரத்தில் நிற்க வேண்டும். முழங்கால் சற்றே மடங்கியிருக்கட்டும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கட்டும். கண்கள் எதிரியின் முகத்தையோ கால்களையோ பாராமல் பந்தையே பார்க்கட்டும். பந்து அவள் காலைவிட்டு விலகும் நொடியே அதைத் தட்டிவிட ஏற்ற நொடி. அதுவரை அவளை எல்லைக்கோட்டின் பக்கம் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். எல்லைக்கோடும் நமக்கு ஒரு தோழி!

இதைப் பழக்க நம் கிளித்தட்டு ஒன்றே போதும். கோட்டில் நின்று காப்பவள் முன்னே பாய்வதில்லை. பக்கவாட்டில் நகர்ந்து வழியை மறிக்கிறாள். அதே ஆட்டத்தில் கடப்பவளிடம் ஒரு பந்தைக் கொடுத்தால் தடுப்பாட்டப் பாடம் தயார். பத்தடி அகலப் பாதையில் ஒருத்தி பந்துடன் வரட்டும், ஒருத்தி தடுக்கட்டும். பிறகு இருவருக்கு இருவர். அப்போது ஒருத்தி பந்திடம் போக, மற்றவள் சற்றுப் பின்னால் துணை நிற்க வேண்டும். இருவரும் தேனீக்களைப் போல் ஒரே பந்தை மொய்த்தால் கோல் திறந்து கிடக்கும்.

நம் மலைக்கென்று சில குறிப்புகளும் உண்டு. கோடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் ஓங்கி உதைத்த பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும். பின்னால் நிற்பவள் இரண்டு எட்டுத் தள்ளி நிற்பது நலம். பனியில் நனைந்த புல்லில் பந்து வழுக்கி விரையும். மேலும், மூடுபனியில் தோழியைக் கண்ணால் காண்பது அரிது. "நான் போகிறேன்", "நீ பின்னால் நில்" என்று குரல் கொடுக்கப் பழக்க வேண்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாவற்றிலும் மேலானது. சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதும், பின்னாலிருந்து காலைத் தட்டுவதும் கூடாது. தொடக்கப் பள்ளி வயதினருக்குத் தலையால் பந்தை முட்டும் பயிற்சி வேண்டாம் என 2020-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து நாடுகளின் கால்பந்துச் சங்கங்கள் அறிவுறுத்தின. நாமும் அதைக் கைக்கொள்வோம். எட்டு வயதுக்குட்பட்டோருக்குச் சிறிய மூன்றாம் எண் பந்தே ஏற்றது.

இன்னொன்றும் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துப் பின்னால் நிற்கட்டும்; நன்கு தடுத்தவளுக்கும் கைதட்டுவோம். தன்னை நம்பி நிற்கும் தோழியருக்காகப் பதறாமல் காவல் நிற்கப் பழகிய சிறுமி, நாளை வீட்டிலும் நாட்டிலும் பிறர்க்கு அரணாக நிற்பாள் என்பது திண்ணம்.