படகே வீடு, கடலே வழி

முன்னுரை

விருத்தாசலத்தில் வாழும் நமக்கு மணிமுத்தாறு தெரியும். மழைக்காலம் போனால் அதிலும் மணலே மிகுதி. கடலைக் காண வேண்டுமானால் நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூருக்குப் பேருந்து ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, "ஒரு படகையே வீடாக்கி உலகைச் சுற்றி வரலாமா?" என்று கேட்டால் வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்றும் கேட்பார்கள். ஆனால் நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்மணி அதைச் செய்து காட்டியிருக்கிறார். அவர் எவ்வாறு தயாரானார் என்பதை அறிவது நமக்கு நல்ல பாடமாகும்.

தாரிணியின் பயணம்

அவர் இந்தியக் கடற்படை அதிகாரி லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. அவரும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டனர். படகின் நீளம் 56 அடி. அதில் இருந்தவர்கள் இவ்விருவர் மட்டுமே. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்துத் தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் தங்கி, 25,000 கடல் மைலுக்கும் மேல் கடந்து, 2025 மே 29-ஆம் நாள் கோவா திரும்பினர். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

வழியில் பசிபிக் பெருங்கடலில் 'நீமோ புள்ளி' என்னும் இடத்தைக் கடந்தனர். அங்கிருந்து மிக அருகிலுள்ள கரையே ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர் தொலைவு. அங்கே ஏதேனும் பழுதானால் உதவிக்குக் கூப்பிட அருகில் ஆளில்லை.

படகில் வாழ்வது எப்படி?

பாய்மரப் படகு காற்றை எதிர்த்து நேராகச் செல்லாது. சிறிது தூரம் வலப்பக்கம் சாய்ந்தும், பிறகு இடப்பக்கம் சாய்ந்தும், வளைந்து வளைந்தே முன்னேறும். படகின் அடியில் உள்ள கனமான பகுதி அது கவிழாமல் காக்கிறது. காற்று வலுக்கும் முன்பே பாயின் பரப்பைக் குறைத்துவிட வேண்டும். வலுத்தபின் அந்த வேலை கடினம்.

வீட்டு வேலையும் அங்கே உண்டு. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டாது. கடல்நீரின் உப்பை நீக்கும் கருவியையும் மழைநீரையும் நம்பி, குடிநீரை அளந்தே செலவிட வேண்டும். ஆடும் அடுப்பில் சமைக்க வேண்டும். கிழிந்த பாயைத் தைக்கவும், இயந்திரத்தைப் பழுது பார்க்கவும், காயத்துக்கு மருந்திடவும் தெரிய வேண்டும். ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருந்து காவல் காப்பார்.

கற்றது படிப்படியாக

இவ்விருவரும் ஒரே நாளில் உலகைச் சுற்றக் கிளம்பிவிடவில்லை. முதலில் அறுவர் கொண்ட குழுவில் பிரேசிலின் ரியோ நகர் வரை சென்றனர். பின்பு இருவராகவே அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்று வந்தனர். அடுத்து மொரீஷியஸ் சென்றனர். அதன்பிறகே உலகப் பயணம். இவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அபிலாஷ் டாமி. 2013-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவர். 2018-இல் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி முதுகெலும்பில் அடிபட்டு மீட்கப்பட்டார். அப்படியும் மனம் தளராமல் மீண்டும் அதே போட்டியில் கலந்துகொண்டு 2023-இல் இரண்டாம் இடம் பெற்றார்.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணனும் பள்ளிப் பருவத்தில் கோடை முகாம் ஒன்றில் பாய்ப்படகு கற்கத் தொடங்கியவரே. பின்னாளில் படகுப் போட்டியில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

முடிவுரை

தோழியரே! நம் ஊர் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பச்சை மண்ணால் வனைந்த கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சூளையில் வேகாவிட்டால் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். கனவும் அப்படித்தான், பயிற்சியே அதன் சூளை. நீச்சல், முடிச்சுப் போடுதல், முதலுதவி, வரைபடம் பார்த்தல், தையல், தண்ணீர்ச் சிக்கனம் ஆகிய இவற்றைக் கற்கக் கடல் தேவையில்லை. தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் மாணவியருக்கும் பாய்ப்படகுப் பயிற்சி உண்டு. பெற்றோரே, எங்களை முதலில் நீந்தக் கற்க அனுப்புங்கள். கடல் தூரத்தில் இருந்தாலும் தொடக்கம் நமக்கு அருகிலேயே இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி