எந்தப் பலகை ஏற்றது?

அவிநாசி வட்டாரத்தில் பனியன் துணியை வட்டப் பின்னல் இயந்திரங்கள் பின்னுகின்றன. அவற்றின் சுற்றுகளை எண்ணும் கருவியை நாமே செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆர்டுயினோ யூனோ ஆர்3, ராஸ்பெர்ரி பை ஆகிய மின்னணுப் பலகைகளில் எது ஏற்றது?

2012இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை, 256 மெகாபைட் நினைவகம் கொண்ட முழுக் கணினி. யூனோவின் நினைவகமோ 2 கிலோபைட்தான். ஆயினும் எண்ணுவதற்கு அதுவே போதும். சுழலும் பாகத்தில் காந்தமும் அருகே ஹால் உணரியும் வைத்தால், சுற்றுக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். மின்சாரம் போய் வந்தால் யூனோ ஓரிரு நொடிகளில் வேலையைத் தொடங்கும். ஈப்ராம் என்ற நிலை நினைவகத்தில் எழுதிய எண்ணிக்கையும் அழியாது. ராஸ்பெர்ரி பை தொடங்க அதிக நேரமாகும். திடீர் மின்தடையால் அதன் நினைவக அட்டை பழுதாகவும் கூடும்.

துணியில் விழும் ஓட்டையைக் கேமரா மூலம் கண்டறிய வேண்டுமானால், ராஸ்பெர்ரி பைதான் தேவை. ஆனால் அதன் முனைகளில் 3.3 வோல்ட்டே தரலாம். 5 வோல்ட் தந்தால் பலகை கெட்டுவிடும்.

எனவே, செய்ய வேண்டிய வேலையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பலகையை வாங்குங்கள்.