இரு சராசரிகளும் ஒரு சந்தேகமும்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பர் நம் பெரியோர். பானைச் சோறு முழுவதும் ஒரே நெருப்பில் வேகிறது. ஆகவே ஒரு பருக்கை போதும். ஆனால் நம் தியாகதுருகத்தைச் சுற்றியுள்ள கரும்பு வயல்கள் அப்படிப்பட்டவை அல்ல. மண்ணும் நீரும் வயலுக்கு வயல் மாறும். சில வயல்களை மட்டும் பார்த்து, 'இந்த உரமே சிறந்தது' என்று எப்படிச் சொல்வது? பத்தாம் வகுப்பில் நாங்கள் கற்கும் சராசரியும் விலக்கமும் இதற்கு வழி காட்டுகின்றன.

பழைய உரமிட்ட ஐந்து வயல்களில் ஏக்கருக்கு 40, 42, 44, 46, 48 டன் விளைந்தது என வைத்துக்கொள்வோம். சராசரி 44. புதிய உரமிட்ட ஐந்து வயல்களில் 43, 45, 47, 49, 51 டன். சராசரி 47. மூன்று டன் அதிகம்! உடனே புதிய உரம் வாங்கிவிடலாமா?

முதலில், 'இரண்டுக்கும் வேறுபாடு இல்லை' என்று கொள்ள வேண்டும். இதுவே இன்மைக் கருதுகோள். ஒவ்வொரு குழுவிலும் சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. அதை, ஐந்தில் ஒன்று குறைத்து, 4-ஆல் வகுத்தால் 10. மீண்டும் 5-ஆல் வகுத்தால் 2. இரு குழுக்களுக்கும் கூட்டினால் 4. அதன் வர்க்கமூலம் 2. சராசரிகளின் வித்தியாசமாகிய 3-ஐ இதனால் வகுத்தால் 1.5. 5 விழுக்காட்டு அளவில் அட்டவணை தரும் எல்லை 2.31. நம் விடை அதைத் தாண்டவில்லை. புதிய உரம் வீண் என்பது இதன் பொருளன்று. சான்று போதவில்லை என்பதே பொருள்.

அதே வயல்கள் 42, 43, 44, 45, 46 எனவும், 45, 46, 47, 48, 49 எனவும் விளைந்திருந்தால்? சராசரிகள் மாறவில்லை. ஆனால் சிதறல் குறைந்ததால் விடை 3 ஆகிறது, எல்லையைத் தாண்டிவிடுகிறது. இப்போது நம்பலாம்.

இச்சோதனையின் அடிப்படையை 1908-இல் வெளியிட்டவர் டப்ளின் நகர மதுவடிசாலை ஒன்றில் பணியாற்றிய காசெட். அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் 'மாணவர்' என்பது நமக்குப் பெருமையல்லவா!

உரத்துக்கு மட்டுமன்று, உயிருக்கும் இவ்வகை ஒப்பீடு உதவியது. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வில் காசநோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் வீட்டிலும் ஒரே மருந்தை உண்டனர். நல்லுணவு பெற்ற சானடோரியத்தாரின் எடை சராசரியாக அதிகம் கூடியது. ஆயினும் நோய் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை என 1959-இல் தெரிந்தது. மருத்துவமனையில் இடம் கிடைக்காத ஏழைகளும் வீட்டிலிருந்தே பிழைக்க வழி பிறந்தது.

ஆகவே தோழியரே, இரு சராசரிகளைக் கண்டால் எது பெரிது என்று மட்டும் கேளாதீர்கள். எத்தனை பேரை அளந்தார்கள், எவ்வளவு சிதறியிருந்தது, எதை அளந்தார்கள் என்றும் கேளுங்கள்.